வாசலோரம் நாற்பது மில்லிமீற்றர்

அக்காவின் நேசனுக்கு, மாமியின் ஒரே பிள்ளைக்கு, எனக்கு வேலை எடுத்துத் தந்துவிட்டுப் பிறகு அந்த வேலையில் என்னை ஒரு நாளும் நிம்மதியாக இருக்கவிடாத என் அருமை அத்தானுக்கு,

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருடம். ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் ஒன்று அச்சடிக்கிறோம். அக்கா எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். "நல்லதா எழுது. உன்ரை வாய் மாதிரி எழுதாதை" என்று கட்டளையும் போட்டிருக்கிறாள்.

முப்பத்தோராம் நாள் மலரில் நான் எழுதிய நாலு வரியைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். பண்பாளர், பாசமிகு அத்தான், ஈடுசெய்ய முடியாத இழப்பு. அச்சகத்துக்காரரே அதைத் தயாராக வைத்திருந்தார். நான் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன்.

இந்த முறை உண்மையை எழுதுகிறேன். நான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். இப்போதும் படுகிறேன். இறந்துபோன ஒருவரைப் பார்த்து எரிவது கேவலம் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்வது?

அதோடு ஒரு அவசரமும் இருக்கிறது. நாங்கள் இருவரும் சேர்ந்து வடிவமைத்த, சடங்குப் புகை போடுகிற அந்த அறையைப் பற்றி ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை எழுதியிருக்கிறேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. அந்த ஒற்றைப் பெயரைக் காட்டித்தான் அலுவலகத்தில் எனக்கு அடுத்த பதவிப் படி கிடைக்கும் என்று பேச்சு. பெயரில் மாற்றம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அறிவிக்க வேண்டும். அதற்கு முதல் உங்களோடு ஒரு சண்டையைப் பிடித்து முடிக்க வேண்டும்.

முதலில் செய்தி. கிழக்கு ரொறொன்ரோவில் பூர்வகுடி மக்களுக்காக நாங்கள் கட்டிய சுகநிலையத்தைப் போன மாதம் திறந்தார்கள். நீங்கள் கீறிய வட்ட அறைக்குள் நிற்க இடமில்லை. ஒரு முதியவர் சிப்பி ஒன்றில் சேஜ் என்கிற வாசனை இலையை வைத்துக் கொளுத்தினார். புகை ஒரு கயிறு மாதிரி நேரே எழும்பிக் கூரையின் நடுவில் கண் போல விட்ட திறப்புக்குள் போனது. ஒரு புகை அலாமும் அடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் அழுதார். நான் விசிறி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று மேலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களோடு சேர்ந்து அதை வடிவமைத்த டோனா பேசினார். உங்கள் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்த மௌனத்தில் அறை முழுக்க உங்களுக்காகத் தலை குனிந்தது. பிறகு என் பெயரையும் சொன்னார், 'காற்றைப் பார்த்துக்கொண்டவர்' என்று. எனக்குக் கைதட்டினார்கள். உங்களுக்குத் தட்டவில்லை. ஆனால் எது பெரியது என்று எனக்குத் தெரியாதா?

பிறகு ஒரு சஞ்சிகையில் படம் வந்தது. கிழக்கு வாசலின் ஓரமாக, நிலத்திலிருந்து மேல்வரை, ஒடுக்கமாக ஒரு திறப்பு விட்டோமல்லவா? அதற்குள்ளால் விடியற்சூரியன் ஒரு கம்பி போலத் தரையில் விழுகிற படம். பூர்வகுடிகளின் அறிவு இன்றைய கட்டடக் கலைக்குள் ஒளியாக நுழைந்த இடம் என்று கீழே எழுதியிருந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது ஒளிக்காக வைத்த திறப்பா? அது காற்றுக்காக வைத்தது. மேலே விசிறி புகையை இழுக்கும்போது கீழிருந்து அளவாகக் காற்று வர வேண்டும் என்பதற்காக வைத்தது. நாற்பது மில்லிமீற்றர். இரண்டு கிழமை கணினியில் காற்றோட்டக் கணக்கை ஓட்டி அந்த அளவை நிறுவியவன் நான். அந்தக் கோபத்தில்தான் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன்.

ஆனால் என் எரிச்சல் அந்தப் படத்தோடு தொடங்கவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய முதற் கூட்டம் நினைவிருக்கிறதா?

டோனா அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தவர், கட்டடக் கலைஞர். எங்கள் அலுவலகத்தோடு சேர்ந்து வடிவமைக்க வந்தவர். வரைபடத்தைத் தொடுவதற்கு முன் தன் பெயர், தன் குலம், தாய் பிறந்த ஏரிக்கரை எல்லாம் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் எவ்விடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்தக் கேள்வியால் இரண்டு பக்கமும் அடி வாங்கி வளர்ந்தவன் நான். வெள்ளைக்காரன் கேட்டால், நீ இங்கத்தவன் இல்லை என்று பொருள். கலியாண வீட்டில் எங்கள் ஆட்கள் கேட்டால், எந்த ஊர், எந்தப் பகுதி, என்ன ஆட்கள் என்று தோண்டப்போகிறார்கள் என்று பொருள். ஆகவே முகத்தை இறுக்கிக்கொண்டு, "இங்கேதான். ஸ்காபரோவில் பிறந்தேன்" என்றேன்.

'இங்கே' என்ற சொல்லை அந்த மேசையில், அந்தப் பெண்ணுக்கு முன்னால் உரிமையோடு சொன்னவன் நான். டோனா கோபிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார்.

நீங்கள் நெடுந்தீவு என்றீர்கள். பவளக்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிய வேலிகளைச் சொன்னீர்கள். உப்புக் கிணறுகளுக்கு நடுவில் ஒரு நல்ல தண்ணிக் கிணறு இருந்தால் அது யாருடைய காணியில் இருந்தாலும் எல்லாரும் அள்ளலாம் என்று உங்கள் அம்மா சொன்னதைச் சொன்னீர்கள். டோனா பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே வட்ட அறையைக் கீறுவது உங்களுக்கு, அதன் காற்றுக் குழாய்கள் எனக்கு என்று முடிவாகிவிட்டது.

திரும்பி வரும்போது காரில் நான் கேட்டேன்: "நெடுந்தீவிலை நீங்கள் எத்தினை வருஷம் இருந்தனீங்கள்?"

"நாலு."

"நாலு வருஷமோ? நாலு வயசு வரைக்குமோ?"

"நாலு வயசு வரைக்கும்."

"அதுக்கோ இவ்வளவு கதை, அத்தான்?"

"நாலு வருஷம் காணும் மச்சான். நீ ஸ்காபரோவிலை இருபத்தாறு வருஷம் இருந்திட்டு என்ன சொன்னனீ? 'இஞ்சை' எண்டனீ. அதுக்குப் பிறகு உனக்குச் சொல்ல ஒண்டும் இருக்கேல்லை."

நெடுஞ்சாலை நெரிசலில் நாற்பது நிமிடம் நான் முன்னால் நின்ற காரின் இலக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் ரேடியோவைப் போட்டுவிட்டீர்கள்.

அலுவலகத்தில் ஆங்கிலத்தில் நானும் நீங்களும் வெறும் 'யூ'. வீட்டுக்கு வந்தால் நீங்கள் அத்தான், நான் உங்களுக்கு முதல் தேத்தண்ணியை நீட்ட வேண்டிய மச்சான். பகலில் ஒரு கணக்கில் உங்களைப் பிழை பிடித்துவிட்டுப் பின்னேரம் அக்காவின் மேசையில் உங்களுக்கு எழும்பி இடம் விட்டிருக்கிறேன். அது எவ்வளவு கடுப்பு என்று உங்களுக்கு விளங்கியதா? விளங்கித்தான் அப்படிச் சிரித்தீர்களா?

உங்களைப் பார்த்து எரிந்தது போக, டோனாவின் ஆட்களைப் பார்த்தும் எரிந்தேன். வாசல் தெருவைப் பார்க்க வேண்டும் என்று மாநகரசபை சொன்னது. வாசல் கிழக்கு என்றார் டோனா. எத்தனையோ கூட்டம். கடைசியில் வாசல் கிழக்குத்தான். எங்கள் கோயிலை நினைத்தேன். பழைய களஞ்சியம் ஒன்றை வாங்கிக் கோயிலாக்கினோம். கிழக்குப் பக்கத்தில் லொறி வந்து சாமான் இறக்குகிற பெரிய இரும்புக் கதவு. சுவாமி கிழக்கைப் பார்க்க வேண்டுமே! ஆகவே சுவாமி அந்த இரும்புக் கதவைப் பார்த்தபடி இருக்கிறார். நாங்கள் மேற்கில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தால், சுவாமியின் முதுகுப் பக்கமாக நுழைகிறோம்.

இதை ஒரு நாள் டோனாவிடம் சொன்னேன். "உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. நீங்கள் கேட்கிறீர்கள், தருகிறார்கள்" என்றேன். நீங்கள் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தீர்கள். மிதிக்க முதலே சொல்லிவிட்டேன்.

டோனா என் பக்கம் திரும்பினார். "வா, மாறிக்கொள்வோம்" என்றார். "என் அம்மா பள்ளிக்கூடத்தில் தன் மொழியைப் பேசியதற்கு அடி வாங்கினார். எங்கள் சடங்குகளில் சிலதைச் செய்தால் சட்டப்படி தண்டனை இருந்தது. அதையும் எடு. வாசலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதே."

நான் வாயை மூடினேன். பொறாமை மூடவில்லை. நியாயம் இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் அது போகவில்லை?

அந்தக் கிழமைதான் நீங்கள் என் மேசைக்கு வந்தீர்கள். "மச்சான், வாசலோரம் நிலத்திலை இருந்து மேலை வரைக்கும் ஒரு நீக்கல் விட்டுப் பார். முதலிலை விசிறியைப் போடு. அது இழுக்கத் தொடங்கினாப் பிறகு நீக்கலைத் திற. நாப்பது மில்லிமீற்றரிலை தொடங்கு."

"ஏன் நாப்பது?"

"சும்மா, ஒரு நம்பர்."

"சும்மா எண்டு ஒரு நம்பர் இல்லை, அத்தான்."

"அப்ப நீ கண்டுபிடி."

நான் முப்பதில் ஓட்டினேன், ஐம்பதில் ஓட்டினேன், அறுபதில் ஓட்டினேன். ஒடுக்கினால் காற்று ஊளையிட்டது. அகட்டினால் புகை அலைந்தது. நாற்பதில் நேரே எழும்பியது. அந்த இலக்கம் உங்கள் வாயிலிருந்து வந்தது என்பதை ஒரு மாதத்தில் மறந்துவிட்டேன். கணக்கு என்னுடையது, ஆகவே இலக்கமும் என்னுடையது.

பிறகு நீங்கள் பிறம்ரனில் ஒரு வேலைத்தளத்தைப் பார்த்துவிட்டுக் காருக்கு நடந்து வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். முப்பத்தெட்டு வயது. அதைப் பற்றி இதில் எழுதமாட்டேன். அக்கா வாசிப்பாள்.

நீங்கள் இல்லாத பிறகு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தமிழ் முதியோர் குடியிருப்பு வேலை வந்தது. ஸ்காபரோவில், எங்கள் சனத்துக்கு. தமிழ்ப் பெடியன் என்று என்னிடம் தந்தார்கள். நிருவாகக் குழுத் தலைவர் பரம் அங்கிளுக்கு ஹோட்டல் மாதிரிக் கண்ணாடியும் பளிங்கும் வேண்டும். நான் விடவில்லை. எங்களுக்கும் ஒரு அடையாளம் வேண்டும் என்று நடுவில் ஒரு வட்ட மண்டபம் கீறினேன். கிழக்கு வாசல், வளைந்த மரத் தூண்கள், கூரையில் கண். பெருமையோடு சுவரில் ஒட்டினேன்.

வேறொரு அலுவலாக வந்த டோனா அதற்கு முன்னால் நின்றார். "இது யாருடையது?" என்றார்.

"எங்களுடைய முதியோருக்கு."

"யாருக்கு என்று கேட்கவில்லை. யாருடையது?"

அப்போதுதான் உறைத்தது. நான் செய்தது அப்பட்டமான களவு. மாறிக்கொள்ளாமல் வாசலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

"உன் ஆட்கள் இந்த நகரத்தில் எப்படி வாழ்கிறார்கள் என்று எப்போதாவது அளந்து பார்த்தாயா?" என்று கேட்டார். குழாயை அளந்திருக்கிறேன். சுவரை அளந்திருக்கிறேன். ஆட்களை இல்லை.

அதனால்தான் இரண்டு கிழமைக்கு முன் அளவுநாடாவையும் காற்றுமானியையும் எடுத்துக்கொண்டு எங்கள் சனம் நிறைய இருக்கிற சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்புக்குப் போனேன். உங்கள் அம்மாவில் தொடங்குவோம் என்று பத்தொன்பதாம் மாடிக்கு ஏறினேன். வெள்ளிக்கிழமை. மாமி சாம்பிராணி போட ஆயத்தம். கதிரையை இழுத்துப்போட்டு அதில் ஏறினார்.

"மாமி, என்ன செய்யிறீங்கள்?"

"பேசாமல் கதிரையைப் பிடி தம்பி."

தலை நனையாமல் குளிக்கப் போடுகிற பிளாஸ்ரிக் தொப்பியைக் கூரையில் இருந்த புகை அலாமுக்கு மாட்டி, ரப்பர் பாண்டால் இறுக்கினார்.

"உது சட்டப்படி பிழை மாமி. நெருப்புப் பிடிச்சால்?"

"நெருப்புப் பிடிச்சால் கழட்டுவன்."

எழுபத்திரண்டு வயது, அத்தான். கால் நடுங்குகிறது. ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தானாம்.

இறங்கிவந்து வீட்டு வாசற்கதவின் கீழ் ஈரத் துவாயை அடைத்தார். குளியலறை விசிறியைப் போட்டார். நான் பல்கனிக் கதவைத் திறக்கப் போக, "பொறு, அங்காலை இழுக்கட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, தள்ளுகதவுக்கும் நிலைக்கும் நடுவில் இரண்டு விரலை வைத்து, விரலில் முட்டும்வரை கதவை இழுத்து, விரலை எடுத்தார்.

"ரெண்டு விரல். குறைச்சால் ஊளையிடும். கூட்டினால் புகை வீடெல்லாம் அலையும்."

சாம்பிராணிப் புகை எழும்பி, கூடத்தைக் கடந்து, நூல் பிடித்த மாதிரிக் குளியலறைக்குள் போனது. நான் கதவு இடைவெளியை அளந்தேன். முப்பத்தெட்டு மில்லிமீற்றர்.

"என்ன, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்? நேசனும் உப்பிடித்தான் ஒரு நாள் வந்து அளந்தவன். என்ரை விரலையும் அளந்தவன்."

"எப்ப மாமி?"

"உங்கட அந்த வட்ட வீடு கீறேக்கை."

நான் இடைவெளியை இன்னொரு தரம் அளந்தேன். "உதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது? ஊரிலையோ?"

"ஊரிலை எங்கை தம்பி பல்கனி? ஊரிலை ஆர் அலாம் பூட்டினது? இஞ்சை வந்த முதல் வருஷம் மூண்டு தரம் ஃபயர் ட்ரக் வந்திட்டுது. வெக்கக்கேடு. பிறகு பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கண்டுபிடிச்சது. பதினாறாம் மாடி ராணியக்காவுக்கும் நான்தான் காட்டிக் குடுத்தனான்."

இஞ்சை என்றார். நான் முதற் கூட்டத்தில் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தேனே, அந்தச் சொல்லுக்கு மாமியிடம் முப்பது வருடத்து வேலை இருந்தது.

கீழே இறங்கி, தெருவில் நின்றபடியே டோனாவுக்குப் போன் எடுத்தேன். அந்தத் திறப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"நேசனின் அம்மாவிடமிருந்து," என்றார், நேரம் கேட்டால் சொல்வது போல. "நேசன் தொடக்கத்திலேயே எங்கள் மூத்தவர்களிடம் வந்து சொன்னார். தன் தாயின் முறை ஒன்றை இந்த அறையில் வைக்கலாமா என்று அனுமதி கேட்டார். உன் தாயின் புகை எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். வீட்டையும் மனதையும் துப்புரவாக்க என்றார். யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"ஓ." பிறகு சிரித்தார். "உனக்குச் சொன்னால் நீ சிரிப்பாய் என்றார். இலக்கமாகக் கொடுத்தால் நீயே அதை நிரூபிப்பாய் என்றார்."

இதுதான் சண்டை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த மூத்தவர்களுக்குத் தெரியும். டோனாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஏன் சொல்லவில்லை? நான் சிரித்திருப்பேன் என்பது உண்மை. அம்மாவின் சாம்பிராணியைக் கொண்டுவந்து என் கணக்குக்குள் போடுகிறீர்களோ என்று கேட்டிருப்பேன். அது இப்போது தெரிகிறது. ஆனாலும், ஒரு தரம் சொல்லிப் பார்த்திருக்கலாமே? கட்டி முடிந்த பிறகாவது சொல்ல நினைத்தீர்களா? பிறம்ரனிலிருந்து வந்த பிறகு சொல்ல இருந்தீர்களா?

நான் எதைப் பார்த்து இவ்வளவு நாளும் எரிந்தேன் என்று யோசிக்கிறேன். டோனாவின் ஆட்களுக்குக் கொடுக்கிறார்கள், எங்களுக்குத் தருவதில்லை என்று எரிந்தேன். அந்த அறையில் எங்கள் வீட்டிலிருந்தும் ஒன்று போயிருக்கிறது. கேட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். நான் அவர்களிடம் கேளாமல் எடுத்தேன். கேட்டுக் கொடுக்க உங்களுக்குத் தெரிந்திருந்ததே என்ற பொறாமைதான் இப்போது எனக்கு உங்களில். பழையதை விட மோசமானது. பழையதற்கு நீங்கள் அதிர்ஷ்டக்காரர் என்று ஒரு சாட்டு இருந்தது.

வட்ட மண்டபத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். புதிய வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் சுவாமி வைக்கிற தட்டுக்குப் பக்கத்திலேயே விசிறியின் சுவிச். பல்கனிக் கதவில் இரண்டு விரல் அளவில் நிற்க ஒரு தடுப்பு. புகைக்கு ஒரு வழி, அலாமுக்கு வேறொரு இடம். தீயணைப்பு அதிகாரியோடு இழுபறி நடக்கிறது. பரம் அங்கிள் பார்த்துவிட்டு, "உதுக்கோ தம்பி படிச்சனீ, கதவுக்குக் கொழுக்கி வைக்க?" என்று கேட்டார். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு கிட்ட வந்து, "எங்கட வீட்டுக் கதவுக்கும் ஒண்டு செய்யலாமோ? மனிசி அலாமுக்குச் சொக்ஸ் போடுறவ" என்றார்.

இந்தக் கடிதத்தை இங்கே நிறுத்திவிட்டு நேற்று மாமியிடம் போனேன். கட்டுரையில் உங்கள் பெயரையும் மாமியின் பெயரையும் போடப்போகிறேன் என்று சொன்னேன். ஒற்றைப் பெயர் போனால் படியும் தள்ளிப்போகலாம். சொல்லும்போது எனக்கு வயிறு எரிந்ததை மறைக்க மாட்டேன்.

மாமி பதறிப்போனார். "ஐயோ, என்ரை பேரைப் போடாதை! பில்டிங் சுப்பரின்டென்ட் வாசிச்சால் நான் அலாம் மூடுறது பிடிபடும்."

"அவன் உதெல்லாம் வாசிக்கமாட்டான் மாமி. ஆனால் பேர் இல்லாமல் எப்பிடிப் போடுறது?"

மாமி முந்தானையால் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேசன்ரை அம்மா எண்டு போடு. இப்ப ஒருத்தரும் என்னை அப்பிடிக் கூப்பிடுறேல்லை."

இன்று வியாழன். அனுப்பிவிட்டேன். முதலில் உங்கள் பெயர். அடுத்தது நேசனின் அம்மா. அவருக்கு எந்த நிறுவனம் என்று நிரப்ப ஒரு பெட்டி இருந்தது. அதில் சென் ஜேம்ஸ் ரவுண் என்று போட்டேன். கடைசியில் நான். 'நேசனின் அம்மா' என்பதைச் சட்டபூர்வமான பெயராக ஏற்க முடியாது என்று ஒரு பதில் வந்திருக்கிறது. அவர்களோடு சண்டை பிடிக்கப்போகிறேன். அது எனக்கு நன்றாக வரும்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அத்தான். அந்தக் குடியிருப்பில் ஒரு தாயும் கதிரையில் ஏறமாட்டார். அது கட்டி முடியும்வரை ஒவ்வொரு வெள்ளியும் நான் பத்தொன்பதாம் மாடிக்குப் போய்ப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். போனவுடன் கதவைத் தட்டி, "நேசன்ரை அம்மா" என்றுதான் கூப்பிடுவேன்.

எரிச்சல் இன்னும் ஆறாத
உங்கள் மச்சான்,
கஜன்